உப்பும் கூத்தும்

ஆனையிறவு வழியாகச் செல்லும்போதெல்லாம், அங்குள்ள உப்பளங்களின் மீதே என் கண் செல்லும். கடல்நீர் வெயிலில் வற்றி வெண்மணிகளாய் விளைவதைக் காணுந்தோறும், இயேசுநாதர் தம் சீடரை உப்புக்கு ஒப்பிட்டது நினைவுக்கு வரும். உப்பு தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. சோற்றில் கரைந்து சுவையாகிறது. இளைஞரிடையே நற்செய்தியை எவ்வாறு கொண்டு செல்வது என்று கவலையுறும் அன்பர்கள் இவ்வுவமையைச் சற்று ஆழ்ந்து எண்ணுதல் நன்று.

ஒலிபெருக்கி, ஒளித்திரை, கிற்றார் ஆகியவற்றால் இளைஞரைக் கவர முயல்வோர் இன்று பலர். அவற்றை நான் பழிக்கவில்லை. ஆனால் புதுமை கருவியில் இல்லை என்பது என் துணிபு. பதினெட்டாம் நூற்றாண்டில் கோவாவிலிருந்து இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், தமிழும் சிங்களமும் கற்று, அம்மொழிகளிலேயே நூல்கள் யாத்தார். வட இலங்கையின் கத்தோலிக்க ஊர்கள் புனிதர் வரலாறுகளை நாட்டுக்கூத்தாக்கி ஆடின. 1965ஆம் ஆண்டில் திருமறைக் கலாமன்றத்தை நிறுவிய நீ. மரியசேவியர் அடிகளார், கிறிஸ்துவின் திருப்பாடுகளைப் பெரும் மேடைகளில் நாடகமாக்கினார்.

இவற்றுள் கூத்தின் சிறப்பு யாது? அது இளைஞனுக்கு இருக்கை தரவில்லை, பாத்திரம் தந்தது. மாதக்கணக்கில் அண்ணாவியார் முன் நின்று பாட்டும் ஆட்டமும் பயின்றவனுக்கு மறைவரலாறு நெஞ்சில் பதிந்தது. யூதாசாக வேடமிட்டவன், காட்டிக்கொடுப்பதன் கசப்பை ஒரு பிரசங்கமுமின்றி அறிந்தான். மேலும், சைவ அயலவரும் பாய் விரித்து உட்கார்ந்து அச்சமின்றிப் பார்க்கக்கூடிய கலை அது.

வன்னி மண்ணில் இக்கேள்வி இன்னும் கூர்மையானது. 2000 ஏப்ரலிலும் 2009 ஜனவரியிலும் கைமாறிய ஆனையிறவை உலகம் போர்க்களமாகவே அறிந்தது. 2009இல் கைக்குழந்தைகளாயிருந்தோர் இன்று வளர்ந்த மாணவர். வீட்டில் பேசப்படாத துயரத்தின் நடுவே வளர்ந்தவர் அவருட் பலர். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி, 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மார் போராட்டம் தொடங்கினர். சிலுவையடியில் நின்ற மரியாளின் புலம்பல் இத்தாய்மாருக்கு அந்நியமானதோ? அப்புலம்பலைத் தம் மொழியில் எழுதிப் பாட இம்மண்ணின் இளைஞரை நாம் அழைத்தோமா?

அதைவிடுத்து, உணவுப் பொதியையும் உதவிப் பணத்தையும் முன்னே அனுப்பி, வேதப் புத்தகத்தைப் பின்னே அனுப்பும் முறை வெறுக்கத்தக்கது. பசித்தவனுக்குச் சோறிடுவது அறம். அச்சோற்றுக்கு விலையாக அவன் நம்பிக்கையைக் கேட்பது வாணிகம். அது அயலவர் மனத்தில் ஐயத்தை விதைக்கும்; இளைஞர் கண்ணில் திருச்சபையைச் சிறுமைப்படுத்தும்.

கைப்பேசியில் மூழ்கிய பிள்ளைகள் கூத்துக்கு வருவரோ என்று சிலர் நகைப்பர். பார்ப்பதற்கு அழைத்தால் வாராதிருக்கலாம்; ஆடுவதற்கு அழைத்துப் பாருங்கள். பழைய ஏட்டை அப்படியே ஒப்புவிக்க வேண்டுமென்பதில்லை. மெட்டு பழையதாகட்டும், சொல் அவர்களுடையதாகட்டும். பங்குதோறும் ஓர் அண்ணாவியாரைத் தேடிப்பிடித்து, வரும் தவக்காலத்தில் ஒரு கூத்தையேனும் இளைஞரே எழுதி ஆட இடங்கொடுப்போம். அதற்காகப் பிரசங்கத்தின் நேரத்தைச் சற்றுக் குறைத்தாலும் குற்றமில்லை.