பிடுங்கி எறியும் கீரை

வெங்காயப் பாத்தியில் களை பிடுங்கும்போது கையில் அடிக்கடி அகப்படுவது பருப்புக்கீரை. ஊருக்கு ஊர் இதற்குப் பெயர் வேறு. தரையோடு படரும் சிவந்த தண்டு, தடித்த சிறு இலை, காலை வெயிலில் விரியும் மஞ்சள் பூ என்றால் எல்லோருக்கும் விளங்கும். முற்றத்தில் பல நிறங்களில் பூக்கும் பத்துமணிப்பூவும் இதே குடும்பம்தான். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். அதன் உறவான கீரையை வரம்பில் எறிகிறோம். இது முறையா?

இது இல்லாதவர்கள் தின்னும் கீரை என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. இடம்பெயர்ந்து வந்த ஊரில், வரம்போரம் கீரை ஆய்வதை அயலவர் கண்டால் என்ன நினைப்பார்களோ என்று கூசுகிற தாய்மாரும் உண்டு. கூசத் தேவையில்லை. துருக்கியில் இதைத் தயிரோடு சேர்த்து விரும்பி உண்கிறார்கள். மெக்சிக்கோவில் சந்தையில் விற்கிறார்கள். மீனுக்குப் பெயர்பெற்ற ஒமேகா-3 வகைக் கொழுப்பு இந்தக் கீரையிலும் உண்டு என்று 1986இலேயே அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையொன்றில் எழுதப்பட்டது. 2022 செப்ரெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவு விலை ஓராண்டில் ஏறக்குறைய 95 வீதம் உயர்ந்திருந்தது. அத்தகைய காலத்தில் காசில்லாமல் கிடைக்கும் ஒரு கறியை எறிவது நட்டமே.

வரட்சியையும் இது தாங்கும். தண்ணீர் குறைந்தால் பகலில் இலைத் துளைகளை மூடி, இரவில் காற்றை உள்ளெடுக்கும். ஒரு செடி இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட விதைகளைத் தரக்கூடும். மண்ணுக்குள் அவற்றில் சில 40 ஆண்டுகள்வரை முளைக்கும் திறனோடு கிடக்கும். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்களுள் பலர் 25 ஆண்டுகள் கழித்தே தம் காணியில் கால் வைத்தார்கள். அங்கேயும் இந்த விதை காத்துக் கிடந்திருக்கலாம்.

ஆனால் வெங்காயத்துக்கு இது களையே, பிடுங்கத்தான் வேண்டும். பூக்குமுன் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பாத்தியில் போட்டால் மீண்டும் வேர்விடும். நன்றாகக் கழுவி, தேங்காய்ப்பூ சேர்த்து வறை செய்யலாம், பருப்போடும் காய்ச்சலாம்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. தண்டை முறித்தால் பால் வடியும் செடி இதுவல்ல. அதைச் சமைக்க வேண்டாம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. களைநாசினி அடித்த தோட்டத்தில் ஆயக்கூடாது. மிதிவெடி அகற்றப்படாத காணிக்குள் கீரைக்காக ஒரு அடியும் வைக்க வேண்டாம். பிள்ளைகளையும் அனுப்ப வேண்டாம்.

இறுதியாக ஒன்று. வரம்பில் கீரை இருக்கிறதே என்று சொல்லி, எமக்குச் சேரவேண்டிய நிவாரணத்தையோ காணியையோ எவரும் தட்டிக்கழிக்க நாம் இடங்கொடுக்கலாகாது. கீரை ஒரு நேரக் கறி. காணி எமது வாழ்வு. காணிக்காகத் தொடர்ந்து குரல் கொடுப்போம். அதேவேளை, கைக்கு வந்த உணவை வரம்பில் வாடவிடாது பிள்ளைகளின் கோப்பையில் இடுவோம்.