கடைமடைக்குத் தண்ணி வரலேன்னா…

குறுவை அறுப்பு முடிஞ்சு நெல் மூட்டையெல்லாம் இன்னும் கூடத்துலதான் அடுக்கிக் கிடக்கு. அதைப் பத்தி அடுத்த பதிவுல எழுதறேன். இன்னிக்கு வேற ஒரு பாசனத்தைப் பத்திச் சொல்லணும்.

போன வாரம் சின்னவளுக்கு லேப்டாப்புல வேலைக்கான நேர்காணல். பாதியில படம் உறைஞ்சு போச்சு. பேச்சு கட்டாகிக் கட்டாகி வந்து கடைசியில நின்னே போச்சு. அவ கத்தலை, அழலை. லேப்டாப்பை மூடி வச்சுட்டு, "அப்பா, நான் திருச்சியில ஹாஸ்டல் பாத்துக்கறேன். இந்த ஊர்ல இருந்தா ஒண்ணும் நடக்காது"ன்னா. சுருக்குன்னு இருந்துச்சு.

உடனே இணைப்பு குடுத்த தம்பிக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். "லைன் நல்லாத்தான் இருக்குண்ணே"ன்னார். நான் நம்பலை.

ராத்திரி படுத்து யோசிச்சப்பதான் உறைச்சுது. கடைமடைக்குத் தண்ணி வரலேன்னா மேட்டூரைத் திட்டறதுக்கு முன்னாடி நாம என்ன செய்வோம்? மண்வெட்டியை எடுத்துக்கிட்டு மடையிலேருந்து வாய்க்கால் ஓரமா நடந்து எங்க அடைச்சிருக்குன்னு பாப்போம். இதுக்கும் அதையே செஞ்சா என்ன?

காலையில ரவுட்டர் பக்கத்துலயே நின்னு போன்ல வேகம் பாத்தேன். நல்லா வந்துச்சு. ஆக மடையில தண்ணி இருக்கு, தம்பி சொன்னது சரிதான். சின்னவ அறைக்குப் போனா போன்லயே பாதிதான் காட்டுச்சு. அப்ப அடைப்பு நம்ம வீட்டுக்குள்ள. அதே இடத்துல லேப்டாப் போனைவிட மோசமா இருந்துச்சு. ஆக லேப்டாப்புலயும் ஏதோ கோளாறு.

வீட்டைப் பாத்தா எனக்கே சிரிப்பு வந்துச்சு. எங்க தாத்தா கட்டின வீடு, ஒண்ணரை அடிச் செங்கல் சுவர். ரவுட்டர் இருந்தது டிவி ஸ்டாண்டுக்குக் கீழே, இரும்பு பீரோவுக்குப் பின்னாடி. நடுவுல நெல் மூட்டை. இரும்பு சிக்னலைத் திருப்பி விட்டுடும், ஈரம் உறிஞ்சிடும். போதாக்குறைக்கு லேப்டாப் 5 கிகாஹெர்ட்ஸ்ல இணைஞ்சிருந்துச்சு. அது பக்கத்துல வேகமா ஓடும், சுவரைத் தாண்டத் தெம்பு பத்தாது. 2.4 வேகம் கம்மி, ஆனா தூரம் போகும்.

ரவுட்டரைத் தூக்கி நடுக்கூடத்துல ஆளுயரத்துக்கு மேல மாட்டினேன். லேப்டாப்பை 2.4-க்கு மாத்தினோம். டிவைஸ் மேனேஜர்ல வைஃபை அடாப்டருக்குள்ள போனா, மின்சாரம் மிச்சம் பிடிக்க அதை அணைச்சுக்கலாம்னு ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டா சின்னவ. டிரைவரையும் புதுப்பிச்சா. முக்கியமான நாளுக்கு இருக்கட்டும்னு 15 மீட்டர் லேன் கேபிளும் வாங்கிப் போட்டாச்சு. கம்பிக்குச் சுவரும் இல்லை, மூட்டையும் இல்லை.

என் கருத்து இதுதான். எது சரியா நடக்கலேன்னாலும் "நம்ம ஊருக்கு இவ்வளவுதான்"னு சொல்லிப் பழகிட்டோம். அதைக் கேட்டுக் கேட்டே பிள்ளைங்க பெட்டியைக் கட்டுதுங்க. கம்பெனிக்காரங்க மேல தப்பே இல்லைன்னு நான் சொல்ல வரலை. ஜேசிபி கேபிளை அறுத்துட்டா நாலு நாள் எட்டிப் பாக்காத கதையெல்லாம் இங்கேயும் நடந்திருக்கு. அதுக்குச் சண்டை போடத்தான் வேணும். ஆனா ரவுட்டர்கிட்ட நின்னு பாத்துட்டுச் சண்டை போட்டா, எதுக்குப் போடறோம்னாவது தெரியும். புது லேப்டாப்புக்கு நகையை அடகு வைக்கிறதுக்கு முன்னாடியும் இதைப் பாருங்க.

நேர்காணலுக்குச் சனிக்கிழமை மறுபடி கூப்பிட்டாங்க. முக்கால் மணி நேரம், ஒரு தடவைகூட கட்டாகலை. முடிவு இன்னும் வரலை. ஹாஸ்டல் பேச்சையும் சின்னவ இன்னும் எடுக்கலை. நானும் கேக்கலை.