விலை வேறு, பணம் வேறு

பேட்டையில் எண்ணெய் ஆலை நடத்தும் அண்ணாச்சி ஒருவர் சென்ற வாரம் என்னைத் தேடி வந்தார். முகத்தில் கல்யாணக் களை.

"தம்பி, ஆலையைக் கொடுத்திரலாம்னு இருக்கேன். 80 லட்சத்துக்குக் கேக்காரு!"

"கையில் எவ்வளவு?"

"இப்ப 20. மிச்சத்தை மூணு வருஷத்துல, லாபம் வர வரத் தாரேங்காரு."

"வேறு யாரும் கேட்கவில்லையா?"

"ஒருத்தர் 60 லட்சத்தைப் பத்திரத்தன்னைக்கே மொத்தமாத் தாரேன்னாரு. 20 லட்சம் நட்டமாகுமே!"

நான் அவருக்குத் தாழையூத்துக் கதையைச் சொன்னேன்.

மதுரை சாலையிலுள்ள சங்கர்நகர் சிமெண்டு ஆலையை அறியாத நெல்லைக்காரர் உண்டா? 1946-ல் தோன்றிய இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனியின் முதல் ஆலை அது. 2024 ஜூலை 28-ல் அல்ட்ராடெக் கம்பெனி, உரிமையாளர் தரப்பினரும் அவர்களைச் சேர்ந்தவர்களும் வைத்திருந்த 32.72 சதவிகிதப் பங்குகளை, பங்கு 390 ரூபாய் வீதம் ரொக்கத்துக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. மொத்தம் சுமார் 3,954 கோடி ரூபாய்!

ஆனால், அன்றே எல்லாம் கைமாறிவிடவில்லை. டிசம்பர் 20-ல் போட்டிக் கமிஷன் சம்மதம் தந்தது, 24-ல்தான் கைமாறியது. விற்றது இயந்திரங்களையோ நிலத்தையோ அல்ல, பங்குகளை. ஆகவே கம்பெனியின் கடன் கம்பெனியோடேயே நின்றது.

இன்னொன்றும் உண்டு. பெரிய பங்குதாரருக்குக் கொடுத்துவிட்டுச் சின்னவர்களைக் கைவிடச் சட்டம் இடம் தரவில்லை. பொதுமக்களிடமிருந்தும், மொத்தப் பங்குகளில் 26 சதவிகிதம் வரை, அதே 390 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ள அல்ட்ராடெக் முன்வர வேண்டியதாயிற்று.

"இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம், அண்ணாச்சி. சாவியைக் கொடுத்த பிறகு லாபக் கணக்கை யார் எழுதுவார்?"

"வாங்கினவருதான்."

"செலவைக் கூட்டி எழுதினால்?"

அண்ணாச்சி விழித்தார். தவணைக்குச் சம்மதிக்கிறவர்கள் மூன்று விஷயங்களைப் பத்திரத்தில் எழுதி வாங்க வேண்டும்: பாக்கிக்குப் பாங்கு உத்தரவாதம், தம்முடைய ஆடிட்டர் கணக்கைப் பார்க்கும் உரிமை, ஆலைக் கடனுக்குத் தாம் போட்ட ஜாமீன் கையெழுத்திலிருந்து விடுதலை. இவை இல்லாவிட்டால் 80 லட்சம் என்பது வெறும் பேச்சு. 20 லட்சம்தான் பணம்.

"ஆலையில் உங்கள் தங்கைக்குக் கால் பங்கு உண்டல்லவா? அவருக்கு எப்போது கொடுப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"கடைசித் தவணையில கொடுத்திரலாம்னு..." என்று இழுத்தார்.

"அவர் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்றீர்களே?"

அண்ணாச்சி சற்று நேரம் பேசவில்லை. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"எங்கே புறப்பட்டீர்கள்? காப்பி வருகிறது."

"இருக்கட்டும் தம்பி. அந்த 60 லட்சக்காரர் ஊருக்குப் போறதுக்குள்ள பாத்துட்டு வந்திருதேன்!"