போட்டோ எடுத்தாச்சு, அப்புறம்?

சர்க்கரை நோயாளிகளின் கண்ணைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்போதெல்லாம் அது நேராக ஏஐ பக்கம் போய்விடுகிறது. மும்பையில் பொட்டி தட்டிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கும் அதில் ஒரு சின்னப் பெருமை உண்டு :-). ஆனால் கொஞ்ச நாளாக இது சம்பந்தமான ஆராய்ச்சிகளை வாசித்ததில் எனக்குத் தோன்றுவது வேறு. நோயைக் கண்டுபிடிக்கிற வேலையில் நாம் வெகுதூரம் வந்துவிட்டோம். கண்டுபிடித்த ஆளைச் சிகிச்சைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையைத்தான் யாரும் தங்கள் வேலையாக நினைப்பதில்லை.

முதலில் விஷயத்தைச் சுருக்கமாக. ரத்தத்தில் சர்க்கரை பல வருடம் கூடுதலாக இருந்தால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெடும். கசியும், அடைபடும். அதை ஈடுகட்டப் புதுக் குழாய்கள் முளைக்கும். அவை பலவீனமானவை, உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். வம்பு என்னவென்றால், நோய் நன்றாக முற்றும் வரை பலருக்குப் பார்வை தெளிவாகவே இருக்கும். வலியும் கிடையாது.

நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்னது. நாற்பது வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளில் 12.5 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு இருக்கிறது, 4 சதவீதம் பேருக்கு அது பார்வையையே பறிக்கும் நிலையில் இருக்கிறது என்றது 2022-ல் வந்த 'ஸ்மார்ட் இந்தியா' ஆய்வு.

மருந்தில்லாத நோயும் இல்லை இது. லேசர் வைத்தால் பெரிய பார்வை இழப்பு பாதிக்கும் மேல் குறைகிறது என்று அமெரிக்க ஆய்வு 1976-லேயே காட்டிவிட்டது. ஐம்பது வருடப் பழைய வைத்தியம்! ஆனால் லேசர் இருக்கிற பார்வையைத்தான் காப்பாற்றும். போனதைத் திருப்பித் தராது.

சரி, ஏஐ-க்கு வருவோம். 2016-ல் கூகுள் ஆட்கள் ஜாமா இதழில் எழுதிய கட்டுரை பிரபலம். சுமார் 1,28,000 விழித்திரைப் படங்களைக் கொடுத்துப் பழக்கிய நிரல், கண் மருத்துவர்களுக்கு இணையாகப் படம் பார்த்தது. நம்மூர் அரவிந்த் மருத்துவமனையும் சங்கர நேத்ராலயாவும் அதில் பங்காளிகள். இங்கே மும்பை மாநகராட்சி மருந்தகங்களில், முன் அனுபவம் இல்லாத சுகாதாரப் பணியாளர் போனில் பொருத்திய கேமராவால் படமெடுக்க, இன்டர்நெட் இல்லாமலே நிரல் முடிவு சொன்ன ஆய்வு 2019-ல் வந்தது. இரண்டுமே அருமையான வேலை, சந்தேகமில்லை.

அடுத்ததுதான் முக்கியம். கூகுள் நிரலைத் தாய்லாந்தில் 11 மருத்துவ நிலையங்களில் வைத்துப் பார்த்த அனுபவம் 2020-ல் வெளியானது. எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை, தரம் போதாது என்று நிரல் ஏற்கவில்லை. அதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் இவர்களுக்கு வேலையும் கெட்டு அலைச்சலும் ஆகுமே என்று, சில நர்ஸுகளே நோயாளிகளை ஆய்வில் சேர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நிரல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இந்த இடத்தில் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

எங்கள் குடியிருப்பில் இஸ்திரி போடும் பையா ஒருவர், உ.பி.க்காரர். ஓர் இலவச முகாமில் படமெடுத்து, மேல் சிகிச்சைக்குப் போகவும் என்று இங்கிலீஷில் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். அவருக்கோ சட்டைக் காலரின் நூல் பிரிந்திருந்தால்கூடத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. கண்ணில் சொட்டு மருந்து விட்டால் அன்று முழுக்க மங்கல், இஸ்திரிப் பெட்டியைத் தொட முடியாது. போகவில்லை. பத்து மாதம் கழித்து ஒரு கண்ணில் ரத்தம் கசிந்து பார்வை போனது. இன்னொன்றை லேசர் வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். நடுவில் முகாம்காரர்களிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை. அவர்கள் கணக்கில் அவர் 'பரிசோதிக்கப்பட்டவர்'. வெற்றிப் பட்டியலில் இருக்கிறார்!

இங்கிலாந்தைப் பாருங்கள். 2003-ல் நாடு தழுவிய கண் பரிசோதனையைத் தொடங்கினார்கள். அப்போது ஏஐ இல்லை, படங்களை மனிதர்கள்தான் பார்த்தார்கள். ஆனால் சர்க்கரை நோயாளிகளின் பதிவேடு இருந்தது. வருடாவருடம் வீட்டுக்குக் கடிதம் போனது. உழைக்கும் வயதினரின் பார்வை இழப்புக்கு முதல் காரணமாக இருந்த இந்த நோய், ஐம்பது வருடத்தில் முதல்முறையாக அந்த இடத்திலிருந்து இறங்கிவிட்டது என்று 2014-ல் ஓர் ஆய்வு சொன்னது. சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டதற்கும் அதில் பங்குண்டு. ஆனாலும் அந்தப் பதிவேட்டை யாராலும் ஒதுக்கிவிட முடியாது.

'பணம் எங்கே?' என்பீர்கள். விழித்திரை நடுவில் வரும் வீக்கத்துக்குக் கண்ணுக்குள் போடும் மூன்று ஊசி மருந்துகளை 2015-ல் அமெரிக்காவில் ஒப்பிட்டார்கள். பார்வை லேசாகக் குறைந்திருந்தவர்களுக்கு, விலை மிகக் குறைந்த பெவாசிசுமாப்பும் மற்ற இரண்டுக்கும் சளைக்கவில்லை. பார்வை அதிகம் குறைந்து வந்தவர்களுக்கோ, முதல் வருடத்தில் விலை கூடிய அஃப்ளிபெர்செப்ட்தான் மேல். அதாவது சீக்கிரம் வருகிறவருக்கு மலிவு மருந்தே போதும். போன் செய்து கூப்பிட ஆகும் செலவு இதிலேயே வந்துவிடும்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. எந்த முகாமும், எந்தத் திட்டமும் எத்தனை பேரைப் படமெடுத்தோம் என்பதோடு, அனுப்பியவர்களில் எத்தனை பேர் மூன்று மாதத்துக்குள் சிகிச்சை பெற்றார்கள் என்பதையும் வெளியிடட்டும். போகாதவரைக் கூப்பிட்டு அவர் மொழியில் பேச ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கட்டும். காசநோய்க்கு நிக்ஷய் என்று 2012-லிருந்தே நோயாளிவாரியாகப் பதிவு வைக்கத் தெரிந்த நாடு இது. கண்ணுக்கு முடியாதா?

உங்கள் வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால், கண்ணைக் கடைசியாகக் காட்டியது எப்போது என்று இன்றைக்கே கேளுங்கள். 'நல்லாத்தானே தெரியுது' என்று பதில் வந்தால் விடாதீர்கள். பையாவுக்கும் நன்றாகத்தான் தெரிந்தது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. எந்தச் சிகிச்சை வேண்டும் என்பதை உங்கள் கண் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.