திரும்பாத சாவியும் டிரில் எடுக்கும் அவசரமும்

பழைய காரைப் புதுப்பிக்க இறங்குபவர்கள் துருவுக்குப் பயப்படுவார்கள், எஞ்சினுக்குப் பயப்படுவார்கள், பெயிண்ட் செலவுக்கு ரொம்பவே பயப்படுவார்கள். சாவி போடும் அந்தச் சின்ன இக்னிஷன் சுவிட்சுக்கு யாரும் பயப்படுவதில்லை. கடைசியில் பல பேரை மூன்று நாள், நான்கு நாள் உட்கார வைத்து அழ வைப்பது அதுதான்!

இதற்கு நல்ல உதாரணம் மெர்சிடஸ் பென்ஸின் டபிள்யூ 123 வரிசை கார்கள். 1976ல் அறிமுகமாகி, சுமார் பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 27 லட்சம் வண்டிகள் தயாராயின. ஜெர்மனியில் டாக்ஸி என்றாலே இதுதான் என்று ஒரு காலம் இருந்தது. ஆப்பிரிக்காவிலும் அரபு நாடுகளிலும் வெகுகாலம் ஓடின. டீசல் எஞ்சின் பல லட்சம் கிலோமீட்டர் சளைக்காமல் உழைக்கும். ஆனால் அந்த எஞ்சினைக் கிளப்பும் பூட்டு அத்தனை காலம் தாங்காது. இந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் மத்தியில் இது ஊரறிந்த ரகசியம்.

பூட்டின் உருளைக்குள் மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கின்றன. சாவியின் பற்கள் அவற்றைச் சரியான உயரத்துக்குத் தள்ளினால்தான் உருளை சுற்றும். முப்பது நாற்பது வருடம் தினமும் பத்து முறை சாவியைப் போட்டு எடுத்தால் பற்களும் தேயும், தகடுகளும் தேயும். முதலில் சாவியைக் கொஞ்சம் ஆட்டினால் திரும்பும். பிறகு கொஞ்சம் வெளியே இழுத்துத் திருப்ப வேண்டும். பிறகு வண்டிக்காரருக்கு மட்டுமே தெரிந்த ஒரு 'கைப்பழக்கம்' தேவைப்படும். அப்புறம் ஒரு நாள் எந்தக் கைப்பழக்கமும் பலிக்காது.

பூட்டுதானே, கழற்றி வேறு போட்டால் போச்சு என்று தோன்றும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. இந்த உருளையைக் கழற்ற, சாவியைப் போட்டு '1' என்ற நிலைக்குத் திருப்ப வேண்டும். திருப்பிய பிறகு ஒரு மெல்லிய கம்பியைப் பூட்டின் முகப்பில் உள்ள சிறு துளையில் செருகினால், சுற்றியிருக்கும் கறுப்பு வளையம் கழன்று வரும், உருளையும் கூடவே வரும். இரண்டு நிமிட வேலை. உருளை மட்டுமல்லாமல் பூட்டை முழுதாக ஸ்டீயரிங் தண்டின் உறையிலிருந்து எடுக்க வேண்டுமானாலும் இதே விதிதான். அதைப் பிடித்திருக்கும் முள்ளை அழுத்த முடிவது '1'ல் இருக்கும்போது மட்டும். அதாவது, திரும்பும் பூட்டைக் கழற்றலாம், திரும்பாத பூட்டைக் கழற்ற முடியாது. கழற்ற வேண்டிய அவசியம் வருவதோ திரும்பாத பூட்டுக்குத்தான்!

இதை வடிவமைப்பாளரின் மடத்தனம் என்று திட்டுபவர்கள் அதிகம். அது நியாயமில்லை. தொடக்கக் காலக் கார்களில் சாவிக்கு இவ்வளவு மரியாதை கிடையாது. 1912ல் கேடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்த பிறகும் வெகுகாலம் சாவி மின்சாரத்தைத் திறந்துவிடும் வேலையை மட்டும் செய்தது. எஞ்சினைச் சுழற்ற வேறு பொத்தானோ மிதியோ இருக்கும். சாவியைத் திருப்பியே கிளப்பும் முறையை கிறைஸ்லர் 1949ல் கொண்டு வந்தது. அந்தக் கார்களில் டாஷ்போர்டுக்குப் பின்னால் கைவிட்டு இரண்டு ஒயர்களைச் சேர்த்தால் போதும், யார் வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு போகலாம். போகவும் செய்தார்கள். அதனால்தான் மேற்கு ஜெர்மனி 1961ல் புதிய கார்களுக்கு ஸ்டீயரிங் பூட்டைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் திருட்டுத் தடுப்பு விதி 1970 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. ஒயரைச் சேர்த்து எஞ்சினைக் கிளப்பினாலும் ஸ்டீயரிங் திரும்பாது. பூட்டை அப்படியே கழற்றிவிடலாம் என்றால் இதெல்லாம் எதற்கு?

பிரிட்டிஷ் எம்ஜிபி போன்ற கார்களில் வேறு ஒரு தந்திரம். ஸ்டீயரிங் பூட்டைப் பிடித்திருக்கும் போல்டுகளை முடுக்கும்போது குறிப்பிட்ட இறுக்கத்தில் தலை ஒடிந்து விழுந்துவிடும். வழவழவென்று ஒரு மொட்டைத் தண்டு மட்டும் மிஞ்சும், ரெஞ்ச் பிடிக்க இடமே இருக்காது. சிறிய உளியை ஓரத்தில் வைத்து இடப்பக்கமாகத் தட்டித் தட்டித்தான் சுற்ற வேண்டும். அல்லது நடுவில் புள்ளி குத்தித் துளை போட்டு எடுக்க வேண்டும்.

எனவே இந்தப் பிடிவாதம் பழுது அல்ல. அந்தப் பூட்டு எதற்காகச் செய்யப்பட்டதோ அதைத்தான் நாற்பது வருடம் கழித்தும் செய்துகொண்டிருக்கிறது. அதற்கு எதிரே இருப்பவர் திருடனா உரிமையாளரா என்று தெரியாது, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொண்டால் அடுத்த முடிவுகள் எல்லாம் மாறும். முதல் அரை மணி நேரத்திலேயே டிரில்லை எடுக்கும் பழக்கம்தான் இதில் பெரிய தவறு. தேய்ந்த சாவியைப் பார்த்து நகல் வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகிறது. பத்து நகல் எடுத்தாலும் பத்தும் தேய்ந்த சாவிகள்தான். சாவி எண்ணையோ சாசி எண்ணையோ வைத்து, முதலில் இருந்த அளவுக்கே புதிய சாவி வெட்டி வாங்க வேண்டும். வண்டி நம்முடையது என்று சான்று காட்ட வேண்டியிருக்கும், கொஞ்சம் காத்திருக்கவும் வேண்டும். புதுச் சாவியில் அசைந்து கொடுத்த பூட்டுகள் நிறைய உண்டு. சாவியைச் செருகி, லேசாகத் திருப்பும் அழுத்தம் கொடுத்தபடியே அதன் தலையில் சின்னச் சுத்தியால் மெதுவாகத் தட்டுவதும் பலிக்கும். அதிர்வில் தகடுகள் ஒரு கணம் சரியான இடத்துக்கு வந்துவிடும். முன்சக்கரம் ஓரக்கல்லில் முட்டிக்கொண்டு நின்றால் ஸ்டீயரிங் பூட்டின் மேல் பாரம் ஏறியிருக்கும், ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் அசைத்துக்கொண்டே முயல வேண்டும். எதைச் செய்தாலும் பலம் மட்டும் கூடாது. சாவி உள்ளேயே முறிந்தால் அதுவரை இருந்த நம்பிக்கையும் போய்விடும்.

ஒரு முறை திரும்பிவிட்டதா? பெரும்பாலோர் செய்வது என்ன? "அப்பாடா!" என்று பெருமூச்சு விட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு கடைக்குப் போவது. இதைவிட மோசமான முடிவு இல்லை. அது '1'ல் நிற்கும் அந்த நிமிடமே உருளையைக் கழற்றிவிட வேண்டும். அடுத்த முறை திரும்பும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

எதுவுமே பலிக்கவில்லை என்றால் டிரில்தான், கிரைண்டர்தான். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் பேட்டரி இணைப்பைக் கழற்றி, மீட்டர் பெட்டியை வெளியே எடுத்து, இரும்புத்தூள் ஒயர்களுக்குள் விழாமல் துணி அடைத்துவிட்டு உட்கார வேண்டும். கடினமான எஃகுக்கு எதிராகச் செய்யும் வேலை அது, ஒரு மாலைப்பொழுதில் முடியாது. டீசல் வண்டியில் இன்னொரு வம்பு உண்டு. எஞ்சினை நிறுத்துவது மின்சாரம் அல்ல, பூட்டின் பின்னால் வந்து சேரும் மெல்லிய வெற்றிடக் குழாய்கள். எந்தக் குழாய் எங்கே என்று குறித்து வைக்காமல் பிடுங்கியவருக்கு, பிறகு சாவியை எடுத்தும் எஞ்சின் நிற்காமல் ஓடும் வேடிக்கை காத்திருக்கும். (பானட்டைத் திறந்து 'ஸ்டாப்' நெம்புகோலை அழுத்தினால் நிற்கும். ஒவ்வொரு முறையும் இறங்கிப் போய் அழுத்த வேண்டும் என்பதுதான் விஷயம்.)

கடைசியாக, பூட்டை உடைத்தபிறகு அந்த இடத்தில் ஒரு சாதாரண சுவிட்சையும் ஒரு பொத்தானையும் வைத்துவிடும் வழக்கம். பந்தயக் கார் போல அழகாக இருக்கிறது என்றுகூடச் சிலர் சொல்வார்கள். அழகு போகட்டும். பாதி உடைந்த பூட்டு உறையை அப்படியே விட்டுவிட்டு ஒயரை மட்டும் மாற்றினால், ஸ்டீயரிங் தண்டைப் பூட்டும் அந்தக் கம்பி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அதைப் பின்னால் பிடித்து வைத்திருந்த பாகம்தான் உடைந்துபோனது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வளைவில் போகும்போது அந்தக் கம்பி தன் பள்ளத்தைத் தேடிக்கொண்டால் என்ன ஆகும்? வண்டிக்குள் மனைவி மக்கள் இருக்கலாம், எதிரே சைக்கிளில் ஒரு பையன் வரலாம். வேறு வழியே இல்லை, பொத்தான்தான் வேண்டும் என்பவர் குறைந்தபட்சம் அந்த உறையை முழுதாக வெளியே எடுத்துவிட வேண்டும். புதுப் பூட்டின் விலை அதிகம்தான். ஆனால் பெயிண்டுக்கும் குரோம் பூச்சுக்கும் கணக்குப் பார்க்காமல் கொடுப்பவர்கள் பேரம் பேச ஆரம்பிப்பது சரியாக இந்த இடத்தில்தான்.