பர்கூர் போட்ட கணக்கு

ஊத்தங்கரைக்குப் பக்கத்துத் தொகுதி பர்கூர். 1991இல் ஜெயலலிதா இங்கேயும் காங்கேயத்திலும் ஜெயித்தார். காங்கேயத்தை விட்டுவிட்டு பர்கூரை வைத்துக்கொண்டு முதல்வரானார். வானளாவிய கட்-அவுட், காலில் விழும் அமைச்சர்கள், 'இதய தெய்வம்' பட்டம் என்று அமர்க்களப்பட்டது. ஐந்தே வருஷம். 1996இல் அதே பர்கூர் அவரை எட்டாயிரத்துச் சொச்சம் ஓட்டில் வீட்டுக்கு அனுப்பியது. ஜெயித்தவர் திமுகவின் சுகவனம். தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தவரும், மகளிர் காவல் நிலையம் திறந்தவரும், வளர்ப்பு மகன் கல்யாணத்தை ஊர் வாய்பிளக்க நடத்தியவரும் ஜெயலலிதா என்ற ஒரே ஆள்தான். மூன்றையும் ஒரே தராசில் போட்டுப் பார்க்க நம் ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. சாமியிடம் யாராவது வரவு செலவு கேட்பார்களா? அன்றைக்குக் கேட்டார்கள். இன்றைக்குத்தான் அப்படிக் கணக்குக் கேட்கும் பழக்கம் விட்டுப்போயிற்றோ என்று சந்தேகம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. சாலையோரம் நின்ற வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டன. அதற்குப் பிறகும் கரைவேட்டி கட்டிக்கொண்டு யார் வந்தாலும் செல்ஃபிக்கு முண்டியடிக்கிறோம். ஏரிக்கால்வாய் கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது என்று கேட்கத்தான் ஆளில்லை. நானும் கேட்கவில்லை.