மண்வெட்டி இல்லாத பட்டியல்

"கோனியாமீட்டருக்குச் சாதி தெரியாது." இயன்முறை மருத்துவம் படித்தவர்கள் கூடுகிற இடத்தில் சாதியைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே வந்து விழுகிற பதில் இது. உண்மைதான். மூட்டின் கோணத்தை அளக்கிற அந்தப் பிளாஸ்டிக் துண்டுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அது காட்டுகிற எண்ணுக்குப் பக்கத்தில் "நார்மல்" என்று எழுதுவது அந்தப் பிளாஸ்டிக் துண்டு அல்ல, மனிதர்கள். அந்த நார்மல் யாருடைய உடம்பிலிருந்து எடுக்கப்பட்டது, யாருடைய வேலையை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று கேட்டால், அறிவியலில் அரசியலைக் கலக்கிறான் என்கிறார்கள். கலப்போம் தோழர்களே. நானும் அந்தத் துறையில்தான் சம்பளம் வாங்குகிறேன்.

முழங்காலிலிருந்து தொடங்குகிறேன். எலும்பு மூட்டு அறுவை மருத்துவர்களுக்கான அமெரிக்க அமைப்பு 1965இல் ஒரு கையேடு வெளியிட்டது. உலகெங்கும் மாணவர்கள் மனப்பாடம் செய்கிற மூட்டு அளவுகளில் பல அதில் இருப்பவை. முழங்கால் மடங்குவதற்கு அது தந்த நார்மல் 135 பாகை. (வேறு புத்தகங்களில் 140 இருக்கும், 150 இருக்கும், தேர்வில் எந்த விடைக்கு மதிப்பெண் கிடைக்கும் என்பது வாத்தியார் எந்தப் புத்தகம் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது.) 1979இல் வெளியான, இன்றும் மேற்கோள் காட்டப்படுகிற ஓர் ஆய்வு 109 பேரை அளந்தது. 109 பேரும் ஆண்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து எழ ஏறத்தாழ 100 பாகை போதும். தரையில் முழுதாகக் குத்தவைத்து உட்கார 150 பாகை அளவுக்கு மடங்க வேண்டும். அதாவது 135 என்ற நார்மலை முழுசாக வைத்திருக்கிற ஒருவரால் களை எடுக்க உட்கார முடியாது, செங்கல் அறுக்க உட்கார முடியாது, கிராமத்துக் கழிப்பறையில் உட்கார முடியாது. எலும்பு முறிந்து வந்தவருக்கு 115, 120 வந்ததும் "ஃபங்ஷனல் ரேஞ்ச்" வந்துவிட்டது என்று எழுதி வீட்டுக்கு அனுப்புகிறோமே, அது எந்த ஃபங்ஷன்? அலுவலகத்து ஃபங்ஷன். கார் சீட்டின் ஃபங்ஷன். இந்த நாட்டில் யார் நாற்காலியில் உட்கார்ந்து பிழைக்கிறார், யார் குத்தவைத்துப் பிழைக்கிறார் என்பதை அவரவர் விருப்பமா முடிவு செய்தது?

மூட்டுக்காவது ஒரு எண் இருக்கிறது. தசை வலிமைக்கு வந்தால் கதை இன்னும் மோசம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஸ்டனில் லவெட் என்ற மருத்துவர், இளம்பிள்ளை வாதம் வந்த பிள்ளைகளைச் சோதிக்க ஒரு தரவரிசையை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் நரம்பு அறுபட்டு வந்த சிப்பாய்களுக்காக பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1943இல் அச்சிட்டதுதான் நாம் இன்று பயன்படுத்துகிற 0 முதல் 5 வரையிலான அளவுகோல். 0 என்றால் தசையில் அசைவே இல்லை. 3 என்றால் புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க முடிகிறது. 4 என்றால் எதிர்ப்பையும் கொஞ்சம் தாங்குகிறது. 5 என்றால் நார்மல். செத்துப்போன நரம்பு துளிர்க்கிறதா என்று பார்க்க இது அருமையான கருவி. 0, 1, 2 என்று கீழ்ப்படிகளில் அது பொய் சொல்லாது.

மேல்படிகளில்தான் சிக்கல். 4க்கும் 5க்கும் நடுவே இருக்கிற அந்த "எதிர்ப்பு" எங்கிருந்து வருகிறது? சோதிக்கிறவரின் கையிலிருந்து. வேறு எடைக்கல் கிடையாது. நாள் முழுக்கப் பேனா பிடிக்கிற கையை ஒருவர் தாங்கிவிட்டால் அவருக்கு ஐந்துக்கு ஐந்து. நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் நெல் கொள்முதல் நிலையத்துச் சுமைப்பணித் தொழிலாளி ஒருவருக்குத் தோள்பட்டையைச் சோதித்தார்கள். மேலே தூக்கிய கையை மருத்துவர் அழுத்திப் பார்த்தார், இறங்கவில்லை, ஐந்து என்று எழுதினார். அந்த அண்ணன் சொன்னது: "சார், ஒங்க கைய தாங்கிப்புடுறேன். மூட்டையத்தான் தாங்க முடியல."

ஒரு சிப்பம் 40 கிலோ. அதை நாள் முழுக்க ஏற்றி இறக்குகிற தோள், தன் பலத்தில் கணிசமான பங்கை இழந்த பிறகும் ஒரு மருத்துவரின் கையைத் தாங்கும். அந்தத் தோளுக்கு 5 போடுவதன் மூலம் நாம் அளந்தது அவருடைய இழப்பை அல்ல, நம் கையின் பலத்தை.

இது ஏட்டில் கிடக்கும் எண்ணாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அதில்தான் சான்றிதழ் தொங்குகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன்படி அரசுப் பணியில் 4 விழுக்காடு இட ஒதுக்கீட்டுக்கு 40 விழுக்காடு பாதிப்பு இருக்க வேண்டும். அதைக் கணக்கிட ஒன்றிய அரசு 2018இல் வெளியிட்டு 2024 வரை நடப்பில் இருந்த வழிகாட்டியில் கை, கால் பாதிப்புக்கு மூட்டின் அசைவும் தசை வலிமையும் அடிப்படையாக இருந்தன. வலிமை 4 என்றால் 20 விழுக்காடு இழப்பு. 5 என்றால் இழப்பு பூஜ்ஜியம்.

அதே வழிகாட்டியில் கையின் ஒருங்கிணைந்த செயல்பாட்டுக்கு ஒரு பட்டியல் இருந்தது. பத்துச் செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 9 விழுக்காடு. தலைக்கு மேலிருந்து ஒரு பொருளை எடுத்து வைப்பது, மூக்கைத் தொடுவது, கையால் சாப்பிடுவது, தலை வாரிப் பின்னுவது, சட்டை போடுவது, கால் கழுவுவது, தண்ணீர் குடிப்பது, பொத்தான் மாட்டுவது, வேட்டி கட்டுவது, எழுதுவது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: அமெரிக்கப் பட்டியலை அப்படியே காப்பியடிக்கவில்லை. காலுக்கான பட்டியலில் குத்தவைப்பதும் சம்மணம் போடுவதும்கூட இருக்கின்றன. ஆக, எழுதியவர்களுக்கு இந்த மண்ணின் உடம்பு தெரிந்தே இருக்கிறது. ஆனாலும் கையின் பட்டியலில் பேனா இருக்கிறது, மண்வெட்டி இல்லை. அரிவாள் இல்லை, துடைப்பம் இல்லை, சட்டி இல்லை. பத்தில் ஒரு பங்கு எழுத்துக்கு. உழைப்புக்கு, தலைக்கு மேலிருந்து எடுக்கிற ஏதோ ஒரு பொருள். அம்பேத்கர் சாதியை உழைப்பாளர்களைப் பிரித்துவைக்கும் ஏற்பாடாக 1936இலேயே அடையாளம் காட்டினார். மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எந்த மருத்துவக் குழுவிலும் போய்ப் பாருங்கள்.

இங்கே ஒரு நல்ல மனசுக்காரர் எழுந்து, "அப்படியானால் நமக்கென்று தனி நார்மல் உருவாக்கிவிடலாமே" என்பார். கைப்பிடி வலிமைக்கு உலகம் பயன்படுத்துகிற அட்டவணைகளில் ஒன்று, 1985இல் அமெரிக்காவின் மில்வாக்கி பகுதியில் 638 பேரை அளந்து எடுத்தது. அதைத் தூக்கியெறிந்துவிட்டு நம் ஊரில் அளக்கலாம் என்பார். இதில்தான் எனக்குப் பயம் அதிகம். தலைமுறை தலைமுறையாக அரைவயிற்றோடு வேலை செய்த மக்களை அளந்து, அவர்களின் சராசரியை "அவர்களுக்கு நார்மல்" என்று எழுதிவிட்டால், பசியே நார்மல் ஆகிவிடும்.

இது கற்பனை இல்லை. நுரையீரல் கொள்ளளவை அளக்கும் ஸ்பைரோமீட்டரை நாங்களும் பயன்படுத்துகிறோம். அமெரிக்காவில் அடிமை முறையை ஆதரித்த கார்ட்ரைட் என்ற மருத்துவர் 1850களில் அதைக் கையிலெடுத்து, கறுப்பின மக்களின் நுரையீரல் இயல்பிலேயே 20 விழுக்காடு குறைவு என்றார். பின்னாளில் "இனத் திருத்தம்" என்ற பெயரில் அந்தக் குறைவு கருவியின் மென்பொருளுக்குள்ளேயே ஏறியது: கறுப்பினத்தவர் என்று தட்டினால் 10 முதல் 15 விழுக்காடு குறைந்திருந்தாலும் நார்மல் என்று காட்டும். 1999இல் ஓவன்ஸ் கார்னிங் நிறுவனம் பால்டிமோர் நீதிமன்றத்தில் இதைத்தான் கேட்டது. ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரல் கெட்டுப்போன கறுப்பினத் தொழிலாளர்கள், வெள்ளையர்களைவிட அதிக பாதிப்பைக் காட்டினால்தான் வழக்கு நிற்க வேண்டும் என்றது. அமெரிக்க மார்பு நோய் மருத்துவர் சங்கம் இனம் பாராத கணக்குக்கு மாறச் சொன்னது 2023இல்தான். சாதிவாரி நார்மல் என்று ஒரு பொத்தான் இங்கே வந்தால் அதை யார் முதலில் அழுத்துவார்கள் என்று யோசியுங்கள்.

எனவே நான் கேட்பது தாழ்ந்த நார்மலும் அல்ல, தனி நார்மலும் அல்ல. அந்த உடம்பு செய்த வேலையைப் பதிவு செய்யுங்கள் என்கிறேன். முடியாத காரியமா? உச்ச நீதிமன்றம் 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் இதைத் தெளிவாகவே பிரித்துச் சொல்லிவிட்டது: ஊன விழுக்காடு வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு. ஓட்டுநரோ தச்சரோ இடக்கையை இழந்தால் பிழைப்பு முழுவதும் போகலாம். அரசு எழுத்தருக்கு வேலையே போகாமல் இருக்கலாம். இது விபத்து இழப்பீட்டு வழக்குகளுக்கான தீர்ப்பு. அங்கே செல்லுபடியாகிற பொதுப்புத்தி மருத்துவக் குழுவின் மேசையில் ஏன் செல்லுபடியாகவில்லை? ஒரு வலிமைமானி வைத்து கிலோ கணக்கில் அளந்து, நல்ல கையோடு ஒப்பிட்டு, "40 கிலோ தூக்குகிறவர், இப்போது இவ்வளவுதான் முடிகிறது" என்று இரண்டு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

இயன்முறை மருத்துவம் படிக்கிற தம்பி தங்கைகள் இன்றே அந்த இரண்டு வரியைத் தங்கள் நோயாளிக் குறிப்பில் எழுதத் தொடங்கலாம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். வீட்டிலிருந்து ஒருவரை மருத்துவக் குழுவுக்கு அழைத்துப் போகிறவர்கள், அவர் என்ன வேலை செய்தார், எவ்வளவு எடை தூக்கினார், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் குத்தவைத்தார் என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். விழுக்காடு குறைவாக வந்தால் அதே சட்டத்தின் 59ஆவது பிரிவில் மேல்முறையீடு இருக்கிறது. அங்கே அந்த நகல் தேவைப்படும்.